எல்விடிடி உணரியின் வெளியீடு பிழையாக வரும்போது: தாழ் அதிர்வெண் பண்பிறக்கச் சுற்றை அறிகுறி பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழிமுறை

நேர்கோட்டு இடப்பெயர்ச்சியை அளக்கும் எல்விடிடி (LVDT) உணரியில் ஒரு முதன்மைச் சுருளும், எதிரெதிராகத் தொடரில் இணைக்கப்பட்ட இரண்டு துணைச் சுருள்களும், அவற்றின் நடுவே நகரும் இரும்பு உள்ளகமும் இருக்கின்றன. முதன்மைச் சுருளுக்குச் சில கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட சைன் அலையைக் கொடுத்தால், துணைச் சுருள்களில் அதே அதிர்வெண்ணில் எழும் அலையின் வீச்சு உள்ளகத்தின் இடத்தைப் பொறுத்து மாறுகிறது. நடுப்புள்ளியில் அது சுழியாகிறது. நடுவைக் கடந்து மறுபக்கம் போனால் வீச்சு மீண்டும் வளர்கிறது, ஆனால் கட்டம் 180 பாகை புரண்டுவிடுகிறது. ஆகவே இந்த உணரி தருவது, தகவலைத் தன் வீச்சில் சுமந்துவரும், அதாவது வீச்சுப் பண்பேற்றம் பெற்ற ஓர் ஊர்தி அலைதான். அதிலிருந்து இடப்பெயர்ச்சியைப் பிரித்தெடுக்கும் பண்பிறக்கச் சுற்றைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறுகளே, உணரியின் மீது சுமத்தப்படும் பெரும்பாலான குறைகளுக்குக் காரணம்.

வானொலிப் பெட்டியில் பயன்படும் டையோடும் மின்தேக்கியும் கொண்ட எளிய சுற்றை அப்படியே இங்கே கொண்டுவருவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வானொலியின் இடைநிலை அதிர்வெண் 455 கிலோஹெர்ட்ஸ். அதன்மேல் ஏறியிருக்கும் ஒலி 5 கிலோஹெர்ட்ஸ். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 90 மடங்கு இடைவெளி இருப்பதால் அந்தச் சுற்று நன்றாக வேலை செய்கிறது. எல்விடிடியில் ஊர்தி 2.5 கிலோஹெர்ட்ஸாகவும் நாம் பின்தொடர விரும்பும் அசைவு 100 ஹெர்ட்ஸாகவும் இருந்தால் அந்த இடைவெளி 25 மடங்காகச் சுருங்கிவிடுகிறது. இடைவெளி சுருங்கும்போது, வானொலியில் யாரும் கவனிக்க வேண்டியிராத ஒவ்வொரு குறையும் அளவீட்டில் தெரியத் தொடங்குகிறது. கீழே ஒவ்வோர் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அதற்கான காரணத்தையும், எந்த நிலையில் சுற்றைத் திருத்தலாம், எந்த நிலையில் வேறு சுற்றுக்கு மாறியே தீர வேண்டும் என்பதையும் விளக்குகிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன்

வெளியீட்டை மட்டும் மல்டிமீட்டரில் பார்த்து முடிவு கட்டக் கூடாது. பண்பிறக்கிக்குப் பின்னால் இருக்கும் வடிப்பான் எல்லாத் தவறுகளையும் சராசரியாக்கி ஒரே எண்ணாகக் காட்டிவிடும். தவறின் உருவம் வடிப்பானுக்கு முன்னால்தான் தெரியும். ஆகவே ஆஸிலோஸ்கோப்பின் ட்ரிகரை, முதன்மைச் சுருளுக்குப் போகும் அலையில் நிலைநிறுத்திக்கொண்டு, பண்பிறக்கியின் உள்ளீடு, ஒத்திசைவுச் சுற்றானால் (முதன்மைச் சுருளின் அலையோடு ஒப்பிட்டுக் குறியையும் தரும் சுற்று; கீழே வருகிறது) அதன் ரெஃபரன்ஸ் அலை, பண்பிறக்கியின் வெளியீடு ஆகிய இடங்களை, வடிப்பானுக்கு முன்பாகவே, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

அடுத்ததாக உணரியைக் கழற்றிவிட்டு, முதன்மைச் சுருளுக்குப் போகும் அதே அலையை இரண்டு மின்தடையாக்கிகளால் பிரித்துப் பண்பிறக்கியின் உள்ளீட்டில் கொடுத்துப் பாருங்கள். இந்தப் பதிலியின் வீச்சு நமக்குத் தெரிந்தது. அதில் கட்டப் பெயர்ச்சி இல்லை. அதன் அலைவடிவத்திலும் ஐயமில்லை. அந்நிலையில் வெளியீடு சரியாக வந்தால் தவறு உணரியிலோ, கேபிளிலோ, கட்ட வேறுபாட்டிலோ இருக்கிறது. அப்போதும் தவறாக வந்தால் உணரியைத் தொட வேண்டியதில்லை. சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு உணரியை மாற்றுவதில் பொருளில்லை.

நடுப்புள்ளியின் அருகே உள்ளகத்தை நகர்த்தினாலும் வெளியீடு அசையவில்லை

இது டையோடு மின்னழுத்த வீழ்ச்சியின் அடையாளம். 1என்4148 போன்ற சிலிக்கன் டையோடு கடத்தத் தொடங்க ஏறத்தாழ 0.6 வோல்ட் வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு, ஒரு வோல்ட் ஊட்டத்துக்கு 80 மில்லிவோல்ட் தரும் உணரியை 3 வோல்ட் ஆர்எம்எஸ் அலையால் இயக்குவதாகக் கொள்வோம். 1 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும்போது கிடைப்பது 240 மில்லிவோல்ட் ஆர்எம்எஸ், அதாவது 340 மில்லிவோல்ட் உச்சம் மட்டுமே. அந்த ஒரு மில்லிமீட்டர் முழுவதும் டையோடுக்குத் தெரியவே தெரியாது. ஜெர்மானியம் டையோடைப் போட்டால் இந்த ஊமைப் பகுதி குறுகும், ஆனால் மறையாது. அதன் வீழ்ச்சி வெப்பநிலையோடு மாறுவதால் ஒரு பிழைக்குப் பதில் இன்னொரு பிழையை வாங்கிக்கொள்கிறோம். முன்னால் பெரிய பெருக்கியை வைத்து அலையை உயர்த்துவதும் பாதித் தீர்வுதான், ஏனென்றால் உள்ளகம் எல்லைக்குப் போகும்போது அந்தப் பெருக்கி தெவிட்டு நிலையை அடைந்துவிடும்.

சரியான தீர்வு, டையோடைச் செயல்பாட்டுப் பெருக்கியின் பின்னூட்டப் பாதைக்குள் வைக்கும் துல்லியத் திருத்திச் சுற்று (திருத்தி என்பது இருபுறமும் மாறும் அலையை ஒரே பக்கமாக்கும் சுற்று). அதில் 0.6 வோல்ட் வீழ்ச்சி, அந்த அதிர்வெண்ணில் பெருக்கிக்கு மிஞ்சியிருக்கும் திறந்த சுற்றுப் பெருக்கத்தால் வகுபட்டுவிடுகிறது. இங்கே “அந்த அதிர்வெண்ணில்” என்பதைக் கவனிக்க வேண்டும். 741 பெருக்கிக்கு நேர்மின்னோட்டத்தில் லட்சக்கணக்கில் பெருக்கம் இருந்தாலும், 5 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 200தான் மிஞ்சுகிறது, ஆகவே 0.6 வோல்ட் 3 மில்லிவோல்ட்டாகக் குறைகிறதே தவிர, சுழியாவதில்லை. டிஎல்072 போன்ற 3 மெகாஹெர்ட்ஸ் பெருக்கியில் அது 1 மில்லிவோல்ட் அளவுக்கு இறங்கும்.

தாழ்ந்த ஊர்தியில் துல்லியமாக இருக்கும் திருத்தி 5 கிலோஹெர்ட்ஸில் பிழை செய்கிறது

துல்லியத் திருத்தியிலும் எளிய வடிவம் ஒன்று உண்டு: ஒரே டையோடு, ஒரே பெருக்கி. உள்ளீடு எதிர்ப்பக்கம் போகும்போது டையோடு கடத்தாது. பின்னூட்டம் அறுந்து, பெருக்கியின் வெளியீடு எதிர் மின்வழங்கியின் விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்த அரைச்சுழற்சியில் அது அங்கிருந்து ஏறிவர வேண்டும். 741இன் ஸ்லூ ரேட், அதாவது வெளியீடு ஏறக்கூடிய வேகம், மைக்ரோநொடிக்கு 0.5 வோல்ட்; 12 வோல்ட் ஏற 24 மைக்ரோநொடி ஆகிறது. ஊர்தி 400 ஹெர்ட்ஸாக இருந்தால் 2500 மைக்ரோநொடிச் சுழற்சியில் இது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 5 கிலோஹெர்ட்ஸில் சுழற்சியே 200 மைக்ரோநொடிதான். அதில் 12 விழுக்காடு இந்த ஏற்றத்திலேயே கரைந்துபோகும். ஸ்கோப்பில் ஒவ்வொரு மேட்டின் இடது விளிம்பும் செங்குத்தாக வெட்டப்பட்டதுபோல் தெரிந்தால் காரணம் இதுதான்.

பெருக்கியை மட்டும் மாற்றுவதைவிட இரண்டு டையோடு கொண்ட தலைகீழ்த் திருத்தியாகச் சுற்றையே மாற்றுவதை நான் பரிந்துரைக்கிறேன். அதில் பின்னூட்டம் எந்த நேரத்திலும் அறுவதில்லை. பெருக்கியின் வெளியீடு இரு டையோடுகளுக்கும் இடையே தாவ வேண்டிய தூரம் 1.2 வோல்ட் மட்டுமே. 741இலேயே அது 2.4 மைக்ரோநொடியில் முடிந்துவிடும். மைக்ரோநொடிக்கு 13 வோல்ட் ஏறும் டிஎல்072இல் ஒரு மைக்ரோநொடியின் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. எல்எம்358 மலிவானது, எங்கும் கிடைப்பது என்றாலும், அதன் வெளியீட்டு நிலையிலேயே சுழியைக் கடக்கும்போது ஒரு தடுமாற்றம் இருப்பதால், சில கிலோஹெர்ட்ஸில் இயங்கும் திருத்திக்கு அது பொருந்தாது.

எந்தப் பக்கம் நகர்த்தினாலும் வெளியீடு ஒரே திசையில் ஏறுகிறது

இது பிழையே அல்ல. தேர்ந்தெடுத்த சுற்றின் இயல்பு. எத்தனை துல்லியமான திருத்தியாக இருந்தாலும், அது வீச்சை மட்டுமே பார்க்கிறது. கட்டம் புரண்டதை அது அறியாது. ஆகவே நடுப்புள்ளியின் இருபுறமும் வெளியீடு மேலேறும் இரு சரிவுகளாகத்தான் வரும். அளக்க வேண்டிய அசைவு முழுவதும் நடுப்புள்ளிக்கு ஒரே பக்கத்தில் இருக்குமாறு உணரியைப் பொருத்திக்கொள்ள முடிந்தால் திருத்தியோடு நின்றுவிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் உணரி அளக்கக்கூடிய தூரத்தில் பாதியை இழக்கிறோம். எல்விடிடி தன் சிறந்த துல்லியத்தைக் காட்டும் நடுப்பகுதியையும் இழக்கிறோம்.

இரு துணைச் சுருள்களையும் தனித்தனியே திருத்தி, பிறகு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது இன்னொரு வழி. சுருள்களின் இணைப்பு முனை வெளியே எடுத்துவரப்பட்ட உணரிகளுக்கு இது ஒத்துவரும், குறியும் கிடைக்கும், கட்டத்தைப் பற்றிய கவலையும் பெரிதாக இல்லை. கழித்ததைக் கூட்டுத்தொகையால் வகுத்துத் தரும் ஏடி598 சில்லு இந்த எண்ணத்தின் வளர்ந்த வடிவம். 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஊட்ட அலையையும் அதுவே உண்டாக்கிக்கொள்கிறது. ஆனால் உள்ளகம் எங்கே இருந்தாலும் இரு சுருள்களின் கூட்டுத்தொகை மாறாமல் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. உங்கள் உணரி அந்த நிபந்தனைக்கு உட்படாவிட்டால் நேர்கோட்டுத் தன்மை கெடும். அந்தக் கேட்டைச் சுற்றில் எங்கே தேடினாலும் கிடைக்காது. உள்ளகத்தை எல்லையிலிருந்து எல்லை வரை நகர்த்தி, இரு சுருள்களின் மின்னழுத்தங்களையும் கூட்டி ஒருமுறை பார்த்துவிட்டு இந்தச் சில்லைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நான்கு கம்பிகள் மட்டுமே வெளிவரும் உணரிக்கு ஒத்திசைவுப் பண்பிறக்கம்தான் வழி. ஊட்ட அலை நேர்ப்பக்கம் இருக்கும்போது உணரியின் அலையை அப்படியே விடுவது, எதிர்ப்பக்கம் இருக்கும்போது புரட்டி விடுவது என்பதே அதன் முழுச் செயல். உள்ளகம் ஒரு பக்கம் இருக்கும்போது எல்லா மேடுகளும் மேல்நோக்கி வரும். மறுபக்கம் போனால் எல்லாம் கீழ்நோக்கி வரும். ஏடி630 சில்லு, பொருத்தம் பார்த்துச் செதுக்கிய மின்தடைகளோடும் ஒப்பீட்டியோடும் இதை ஒரே உறையில் தருகிறது. ஏடி698 ஊட்ட அலையையும் தானே உண்டாக்கி, உணரியின் அலைக்கும் ஊட்ட அலைக்கும் உள்ள விகிதத்தைத் தருகிறது. விலை தடையாக இருந்தால் ஒரு டிஎல்072, ஒரு சிடி4053 சுவிட்ச் சில்லு, சம மதிப்புள்ள இரண்டு மின்தடையாக்கிகள் ஆகியவற்றைக் கொண்டே இதை அமைத்துக்கொள்ளலாம்.

அடுத்தடுத்த மேடுகள் சமமாக இல்லை

வடிப்பானுக்கு முன்னால் ஒரு மேடு உயர்ந்தும் அடுத்தது தாழ்ந்தும் வந்தால், நேர்ப்பக்கப் பெருக்கமும் எதிர்ப்பக்கப் பெருக்கமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். இதன் விளைவு சராசரி மதிப்பில் மட்டும் நிற்பதில்லை. இரு அரைச்சுழற்சிகளையும் பயன்படுத்தும் முழு அலைத் திருத்தத்தில் ஊர்தியின் இருமடங்கு அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் மட்டுமே இருக்க வேண்டிய ரிப்பிளோடு (சராசரியின்மேல் எஞ்சும் அலைவு), ஊர்தியின் அதிர்வெண்ணிலேயே ஒரு பங்கு கலந்துவிடுகிறது. வடிப்பான் இருமடங்குக்கென்று கணக்கிடப்பட்டது என்பதால் அந்தப் பங்கு எளிதாகத் தப்பிவந்துவிடும்.

துல்லியத் திருத்தியில் பாதி மதிப்புள்ள மின்தடையாக்கி ஒன்று தேவைப்படும் இடத்தில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. 10 கிலோஓம் வரிசையில் 5 கிலோஓம் கிடைக்காமல் 4.7 அல்லது 5.1 கிலோஓம் போட்டுவிடுகிறார்கள். ஒரே தொகுப்பிலிருந்து எடுத்த இரண்டு 10 கிலோஓம், ஒரு விழுக்காடு மின்தடையாக்கிகளைப் பக்க இணைப்பில் வையுங்கள்.

சிடி4053 கொண்டு அமைத்த ஒத்திசைவுச் சுற்றில் காரணம் வேறு. தலைகீழாக்காத உள்ளீட்டுக்கு 10 கிலோஓம் வழியாக அலையைக் கொடுத்து, சுவிட்சால் அதைத் தரையோடு இணைக்கும் வடிவம் பரவலாக வரையப்படுகிறது. சுவிட்சின் மூடிய மின்தடை 100 ஓம் அளவில் இருந்தால், தரையோடு இணைத்த பிறகும் ஒரு விழுக்காடு அலை அந்த முனையில் எஞ்சி நிற்கிறது. தலைகீழ்ப் பெருக்கம் 1க்குப் பதிலாக 0.98 ஆகிவிடுகிறது. தலைகீழாக்காத உள்ளீட்டை உணரி அலைக்கும் தரைக்கும் இடையே மாறி மாறி நேரடியாக இணைக்கும் இருவழிச் சுவிட்சாக அதே சில்லைப் பயன்படுத்தினால் இந்தப் பிழை மறைந்துவிடும், ஏனென்றால் பெருக்கியின் உள்ளீடு மின்னோட்டம் எதையும் இழுப்பதில்லை. ஆகவே சுவிட்சின் மின்தடையில் மின்னழுத்தம் விழுவதும் இல்லை. மின்வழங்கி நேர் 5, எதிர் 5 வோல்ட் என்றால் அலையின் உச்சமும் அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ரிப்பிள் அதிகம், அதைக் குறைத்தால் வெளியீடு மந்தமாகிறது

இங்கேதான் பெரும்பாலானோர் மின்தேக்கியை மாற்றி மாற்றிப் போட்டுக் காலத்தைக் கழிக்கிறார்கள். டையோடும் மின்தேக்கியும் கொண்ட சுற்றில் இந்தப் போராட்டத்துக்கு முடிவே கிடையாது என்பதைக் கணக்கே காட்டிவிடும். அசைவு 100 ஹெர்ட்ஸ், பண்பேற்ற ஆழம் (சராசரி வீச்சோடு ஒப்பிட்டால் வீச்சு ஏறி இறங்கும் அளவு) 0.8 என்றால், இறங்கும் அலையை மின்தேக்கி பின்தொடர்ந்து இறங்க வேண்டுமானால் மின்தடை, மின்தேக்கி ஆகியவற்றின் பெருக்கற்பலன் 1.2 மில்லிநொடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இறங்குமுகத்தில் வெளியீடு சாய்கோடாக வெட்டப்படும். ஊர்தி 2.5 கிலோஹெர்ட்ஸ் என்றால் இரு உச்சிகளுக்கு இடையே 0.4 மில்லிநொடி இருக்கிறது. அந்த நேரத்தில் 1.2 மில்லிநொடிச் சுற்று 28 விழுக்காடு இறங்கிவிடும். அதாவது பின்தொடர வேண்டிய கட்டாயமே 28 விழுக்காடு ரிப்பிளைத் திணிக்கிறது. இதைத் திருத்த எந்த மின்தேக்கி மதிப்பாலும் இயலாது.

உச்சியைப் பிடித்துவைக்கும் முறையை விட்டுவிட்டு, சராசரி எடுக்கும் முறைக்கு மாற வேண்டும். மின்தேக்கியை டையோடோடு சேர்க்காமல், திருத்திய அலையை அப்படியே தனி வடிப்பானுக்கு அனுப்புங்கள். அரை அலைத் திருத்தத்தில் சராசரி, உச்சத்தில் 0.318 மடங்கு, ஊர்தியின் அதிர்வெண்ணிலேயே உச்சத்தில் பாதியளவு ரிப்பிள் நிற்கிறது. முழு அலையில் சராசரி 0.637 மடங்காக உயர்கிறது. முதல் ரிப்பிள் இருமடங்கு அதிர்வெண்ணுக்குத் தள்ளப்பட்டு 0.424 மடங்காகக் குறைகிறது. 5 கிலோஹெர்ட்ஸ் ஊர்தியையும் 250 ஹெர்ட்ஸில் வெட்டும் இரண்டாம்படிச் சாலன்-கீ வடிப்பானையும் எடுத்துக்கொண்டால், அரை அலையில் சராசரியில் 0.4 விழுக்காடு ரிப்பிள் மிஞ்சும். முழு அலையில் 0.04 விழுக்காடு மட்டுமே. ஒரே வடிப்பான், பத்து மடங்கு வேறுபாடு. தாழ் அதிர்வெண்ணில் அரை அலைத் திருத்தத்தை ஏற்றுக்கொள்வதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஆயினும் வடிப்பான் இருக்கும் வரை தாமதமும் இருக்கும். மேற்சொன்ன 250 ஹெர்ட்ஸ் பட்டர்வொர்த் வடிப்பானின் தாமதம் 0.9 மில்லிநொடி, 50 ஹெர்ட்ஸ் அசைவில் அது 16 பாகைப் பின்னடைவு. காட்சிக் கருவிக்கு இது பொருட்டில்லை. ஆனால் எல்விடிடி ஒரு ஹைட்ராலிக் சிலிண்டரின் கட்டுப்பாட்டு வளையத்துக்குள் இருந்தால், இந்த 16 பாகையே வளையத்தை ஊசலாடவைக்கப் போதும். அப்படிப்பட்ட இடத்தில் முதலில் கேட்க வேண்டியது, ஊர்தியின் அதிர்வெண்ணை உயர்த்த முடியுமா என்பது. உணரி 10 கிலோஹெர்ட்ஸை ஏற்குமானால் அதுவே மலிவான தீர்வு. முடியாவிட்டால், ஊர்தியின் ஒரு முழுச் சுழற்சிக்குத் தொகையீடு செய்து, விடையை எடுத்துவைத்துக்கொண்டு, தொகையீட்டை அழித்து மீண்டும் தொடங்கும் சுற்றுக்கு மாறலாம். முழுச் சுழற்சியின் சராசரியில் ஊர்தியும் அதன் எல்லா மடங்குகளும் தாமாகவே சுழியாகிவிடுகின்றன. 5 கிலோஹெர்ட்ஸ் ஊர்தியில் மொத்தத் தாமதம் 0.2 மில்லிநொடியைச் சுற்றியே இருக்கும்.

நுண்கட்டுப்படுத்தி ஏற்கெனவே பலகையில் இருந்தால் இன்னும் எளிய வழி உண்டு. ஊட்ட அலையை உண்டாக்கும் அதே டைமரைக் கொண்டு, ஒரு சுழற்சிக்கு நான்கு முறை, 90 பாகை இடைவெளியில் அலையை அளந்துகொள்ளுங்கள். முதல் அளவிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் ரெஃபரன்ஸோடு ஒத்த கூறு கிடைக்கிறது. இரண்டாவதிலிருந்து நான்காவதைக் கழித்தால் 90 பாகை விலகிய கூறு கிடைக்கிறது. நிலையான ஆஃப்செட் (எல்லா அளவுகளிலும் ஒரேபோல் கூடிநிற்கும் மின்னழுத்தம்) இந்தக் கழித்தலிலேயே போய்விடும். இந்த முறையில் ஊர்தியின் மூன்றாம் சீரிசை (மும்மடங்கு அதிர்வெண்ணில் உள்ள கூறு), ஊர்தியைப் போலவே தோன்றி அளவீட்டில் கலந்துவிடும் என்பதால், அளவி முனைக்கு முன்னால் ஊர்தியை மட்டும் விடும் வடிப்பான் கட்டாயம் வேண்டும்.

உள்ளகம் நடுவில் இருந்தும் வெளியீடு சுழியாகவில்லை

ஒத்திசைவுச் சுற்றுக்கு மாறியவர்கள் சந்திக்கும் முதல் அறிகுறி இதுவே. துணைச் சுருள்கள் இரண்டும் ஒருபோதும் முழுச் சமமாக இருப்பதில்லை; சுருள்களுக்கு இடையே மின்தேக்கப் பிணைப்பும் உண்டு. ஆகவே நடுப்புள்ளியிலும் ஒரு சிறு அலை மிஞ்சுகிறது. அதில் பெரும்பகுதி உண்மையான அலைக்கு 90 பாகை விலகியது. கட்டம் சரியாகப் பொருத்தப்பட்ட ஒத்திசைவுச் சுற்றில் இந்த 90 பாகைக் கூறின் சராசரி சுழியாகிவிடும். வெறும் திருத்தியில் அது சுழியாவதே இல்லை. திருத்தி கொண்ட கருவிகள் நடுவில் ஒரு குறைந்தபட்ச மதிப்புக்குக் கீழே இறங்க மறுப்பதன் காரணம் அதுவே.

கட்டம் பிழையாக இருந்தால் இரண்டு கேடுகள் சேர்ந்து வருகின்றன. உண்மையான வெளியீடு கட்டப் பிழையின் கொசைன் மடங்காகக் குறைகிறது: 10 பாகைக்கு ஒன்றரை விழுக்காடு, 30 பாகைக்கு 13 விழுக்காடு. அத்துடன் 90 பாகைக் கூறு, பிழையின் சைன் மடங்காக உள்ளே நுழைகிறது: 10 மில்லிவோல்ட் எச்சம் இருந்தால் 10 பாகைப் பிழையில் 1.7 மில்லிவோல்ட் பொய் இடப்பெயர்ச்சி. ஸ்கோப்பில் இதன் அடையாளம் தெளிவானது. உள்ளகத்தை ஓர் எல்லைக்குத் தள்ளிவிட்டு வடிப்பானுக்கு முன்னால் பாருங்கள். கட்டம் சரியானால் ஒவ்வொரு மேடும் அடிக்கோட்டிலிருந்து தொடங்கி அடிக்கோட்டிலேயே முடியும். பிழையானால் மேட்டின் ஒரு விளிம்பில் அடிக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நீளும் ஒரு கூரிய பல் தெரியும்.

பிழை எங்கிருந்து வருகிறது என்பதைத் தேடும்போது ஊட்ட சைன் அலையைச் சதுர அலையாக்கி ரெஃபரன்ஸை உண்டாக்கும் ஒப்பீட்டியை முதலில் பாருங்கள். எல்எம்311 தன் வேலையை 0.2 மைக்ரோநொடியில் முடிக்கிறது. 5 கிலோஹெர்ட்ஸில் அது அரைப் பாகைகூட இல்லை. மிச்சமிருக்கும் எல்எம்358 பாதியை ஒப்பீட்டியாகப் பயன்படுத்தினால், அதன் மெதுவான ஏற்றத்திலேயே சுமார் 10 மைக்ரோநொடி, அதாவது ஏறக்குறைய 18 பாகை போய்விடும். அடுத்தது இணைப்பு மின்தேக்கிகள். 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 10 கிலோஓமும் 5 கிலோஹெர்ட்ஸில் 1.8 பாகை முன்தள்ளுகின்றன. அதே ஜோடி 400 ஹெர்ட்ஸ் ஊர்தியில் 22 பாகை முன்தள்ளும். ஒரு சுற்றின் ஊர்தியைக் குறைத்துப் பயன்படுத்தும்போது இந்த மின்தேக்கிகளை மாற்ற மறந்துவிடுவது மிகவும் பொதுவான பிழை.

இவை சரியாக இருந்தால் எஞ்சுவது உணரியின் சொந்தக் கட்டப் பெயர்ச்சி. முதன்மைச் சுருளின் மின்தடை காரணமாக, உணரிக்கென்று குறிக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே இயக்கும்போது துணைச் சுருளின் அலை ஊட்ட அலையை முந்துகிறது. மேலே போனால், கேபிளும் சுமையும் சேர்ந்து அதைப் பிந்தச் செய்கின்றன. உற்பத்தியாளர் தரவுத்தாளில் கட்டப் பெயர்ச்சி சுழியாகும் அதிர்வெண் குறிக்கப்பட்டிருந்தால், அதிலேயே இயக்குவது எல்லாவற்றிலும் எளிது. இல்லையெனில் ரெஃபரன்ஸ் பாதையில், வீச்சை மாற்றாமல் கட்டத்தை மட்டும் நகர்த்தும் ஒரு பெருக்கிச் சுற்றைச் சேர்க்க வேண்டும். 3.3 நானோஃபாரட் மின்தேக்கியும் 10 கிலோஓம் மாறு மின்தடையும் 5 கிலோஹெர்ட்ஸில் 0 முதல் 92 பாகை வரை பின்னடைவு தருகின்றன. முன்னேற்றம் வேண்டுமானால் மின்தேக்கியையும் மின்தடையையும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

சரிப்படுத்தும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெளியீடு உச்சத்தை அடையும் வரை திருகுவது இயல்பாகத் தோன்றினாலும், கொசைனின் உச்சி தட்டையானது என்பதால் ஐந்தாறு பாகைப் பிழையை மீட்டரால் காட்ட முடியாது. மாறாக ரெஃபரன்ஸை 90 பாகை நகர்த்திவிட்டு, உள்ளகம் எல்லையில் இருக்கும்போது வெளியீடு சுழியாகும் வரை திருகிப் பிறகு 90 பாகையைத் திருப்பிவிட்டால், ஒரு பாகைக்கும் குறைவான துல்லியம் கிடைக்கும். ஊர்தியின் நான்கு மடங்கு அதிர்வெண்ணில் ஓடும் கடிகாரத்திலிருந்து சிடி4013இன் இரண்டு ஃபிளிப் ஃப்ளாப்களால் ஊட்ட அலைக்கும் ரெஃபரன்ஸுக்கும் தேவையான சதுர அலைகளை உண்டாக்கினால், இந்த 90 பாகை நகர்வு ஒரு சுவிட்சைத் தட்டும் வேலையாகிவிடுகிறது.

கட்டத்தைச் சரிசெய்தும் எச்சம் மறையாவிட்டால், நடுப்புள்ளியில் உணரியின் அலையையே உற்றுப் பாருங்கள். அது சைனாக இல்லாமல் ஒரு சுழற்சிக்கு மூன்று மேடுகளாகத் தெரிந்தால் காரணம் மூன்றாம் சீரிசை. சதுர ரெஃபரன்ஸால் இயங்கும் சுவிட்ச், மூன்றாம் சீரிசையையும் மூன்றில் ஒரு பங்கு உணர்திறனோடு பண்பிறக்கித் தருகிறது. ஊட்ட அலை தூய சைனாக இல்லையென்றாலும், அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் உள்ளகம் காந்தத் தெவிட்டலை அடைந்தாலும் இது நேரும். பண்பிறக்கியை மாற்றுவதற்கு முன் ஊட்ட அலையைத் தூய்மையாக்கி, அதன் வீச்சைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் தேவைப்பட்டால், சதுர அலையால் சுவிட்சை இயக்குவதை விட்டு, சைன் ரெஃபரன்ஸோடு ஏடி633 போன்ற பெருக்கற்சில்லைப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் ஆஃப்செட்டும் வெப்பநிலைப் பெயர்வும் சுவிட்சைவிட மோசம் என்பதால் இதை நான் கடைசி வழியாகவே கருதுகிறேன்.

நடுவில் சரியாக இருக்கிறது. எல்லையருகே நேரத்துக்கு நேரம் அளவு மாறுகிறது

பெருக்கம் நகர்கிறது என்பதே இதன் பொருள். ஆஃப்செட் நகர்ந்தால் நடுப்புள்ளியும் சேர்ந்து நகர்ந்திருக்கும். ஊட்ட அலையின் வீச்சு இரண்டு விழுக்காடு தளர்ந்தால் அளவும் இரண்டு விழுக்காடு தளரும். ஊட்ட அலை நிலையாகவே இருந்தாலும், செம்பின் மின்தடை ஒரு பாகை செல்சியஸுக்கு 0.39 விழுக்காடு ஏறுவதால், 30 பாகை வெப்ப உயர்வில் முதன்மைச் சுருளின் மின்தடை ஏறத்தாழ 12 விழுக்காடு கூடி, மின்னோட்டம் குறைந்துபோகும். உணரியைத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இயக்கும்போது சுருளின் மறிப்பில் மின்தடையின் பங்கு பெரிதாகிறது. அதனால் இந்தப் பாதிப்பும் பெரிதாகிறது.

ஊட்ட அலையின் வீச்சை அளந்து அதனால் வகுக்கும் ஏடி698 முதல் குறையைத் தீர்க்கும். வெப்பநிலையால் மின்னோட்டம் மாறுவதை அது தீர்க்காது. முதன்மைச் சுருளை மாறா மின்னோட்டத்தால் இயக்குவதே அதற்கு மருந்து. இரு சுருள்களின் கூட்டுத்தொகையால் வகுக்கும் சுற்று இரண்டு குறைகளையும் ஒருசேரப் போக்குகிறது. சூடான வால்வுக்கு அருகே பொருத்தும் உணரிக்கு, கூட்டுத்தொகை நிபந்தனை நிறைவேறுமானால், அதையே தேர்ந்தெடுப்பேன்.

வெளியீடு மெதுவாக ஊசலாடுகிறது, அல்லது அதில் 50 ஹெர்ட்ஸ் கலந்திருக்கிறது

முதலில் பண்பிறக்கியின் உள்ளீட்டைத் தரையோடு இணையுங்கள். 50 ஹெர்ட்ஸ் அப்போதும் நின்றால் அது மின்வழங்கியிலிருந்தோ தரை இணைப்பிலிருந்தோ வருகிறது. மறைந்துவிட்டால் கேபிள் வழியாக உள்ளே வருகிறது; அந்நிலையில் சுற்றின் வகையே முடிவைத் தீர்மானிக்கிறது. அரை அலைத் திருத்தி, உள்ளே வந்த 50 ஹெர்ட்ஸில் பாதியை அப்படியே வெளியே விடும். முழு அலைத் திருத்தி, உணரியின் அலை பெரிதாக இருக்கும் வரை அதைப் பெருமளவு அடக்கும். நடுப்புள்ளியின் அருகே அலை சிறுத்ததும் அதுவும் கைவிட்டு 100 ஹெர்ட்ஸைத் தரத் தொடங்கும். ஒத்திசைவுச் சுற்றோ 5 கிலோஹெர்ட்ஸ் ஊர்தியில் அந்த 50 ஹெர்ட்ஸை 4950, 5050 ஹெர்ட்ஸ்களுக்குத் தூக்கிவிடுவதால், வடிப்பான் அதை எளிதாக அழித்துவிடும். நடுப்புள்ளியிலும் இந்தப் பாதுகாப்பு குறைவதில்லை. மின்மோட்டார்களுக்கு அருகே பொருத்தப்படும் உணரிக்கு, குறி தேவைப்படாவிட்டாலும்கூட ஒத்திசைவுச் சுற்றையே நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

ஊர்தியே 400 ஹெர்ட்ஸ் போன்று தாழ்ந்திருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். மின்வலையின் எட்டாம் சீரிசையும் 400 ஹெர்ட்ஸில்தான் இருக்கிறது. வலையின் அதிர்வெண் சிறிது நகர்ந்துகொண்டே இருப்பதால், அது வெளியீட்டில் சில நொடிகளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஊசலாகத் தெரியும். ஊர்தியை 425 ஹெர்ட்ஸுக்கு நகர்த்திவிட்டால், அருகிலுள்ள சீரிசைகள் இருபுறமும் 25 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். 1275 ஹெர்ட்ஸில் வரும் மூன்றாம் மடங்கும் அவ்வாறே 1250க்கும் 1300க்கும் நடுவில் விழும். பத்து ஹெர்ட்ஸ் வடிப்பான் இருந்தால் தொல்லை பெருமளவு அடங்கிவிடும்.

மின்வலைக்குச் சம்பந்தமில்லாத ஊசல் ஒன்றும் உண்டு. ஒரே இயந்திரத்தில் இரண்டு எல்விடிடிகள் தனித்தனி அலையியற்றிகளால் இயங்கும்போது, ஒன்று 5000 ஹெர்ட்ஸிலும் மற்றொன்று 5003 ஹெர்ட்ஸிலும் இருந்தால், கேபிளிலிருந்து கேபிளுக்குக் கசியும் சிறு அலையும் 3 ஹெர்ட்ஸ் ஊசலாக இரண்டு வெளியீடுகளிலும் தோன்றும். ஒன்றின் ஊட்டத்தை நிறுத்திப் பாருங்கள். மற்றதில் ஊசல் உடனே நின்றால் காரணம் உறுதி. வடிப்பானால் இதைப் போக்க முடியாது, ஏனென்றால் 3 ஹெர்ட்ஸ் நாம் அளக்க விரும்பும் அசைவின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு உணரிகளையும் ஒரே அலையியற்றியிலிருந்து இயக்கி, இரு பண்பிறக்கிகளுக்கும் அதிலிருந்தே ரெஃபரன்ஸ் எடுத்தால், கசிவு அசையாத ஒரு சிறு ஆஃப்செட்டாக மாறும். அதைச் சுழிப்படுத்தும் திருகால் நீக்கிக்கொள்ளலாம். அப்படி இணைக்க முடியாத இடத்தில் ஊர்திகளை வடிப்பானின் எல்லையைவிடப் பல மடங்கு தள்ளி, எடுத்துக்காட்டாக 5 கிலோஹெர்ட்ஸிலும் 7 கிலோஹெர்ட்ஸிலும் வைத்து, ஊட்டக் கம்பிகளையும் துணைச் சுருளின் கம்பிகளையும் தனித்தனி உறையிட்ட முறுக்குக் கேபிள்களில் கொண்டுசெல்ல வேண்டும்.